சங்கமே ஒரு வீட்டு விளம்பரத் தளம் தொடங்கினால் என்ன?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். சொத்துத் தரகர்கள் சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருப்பவர் கேட்டிருக்கிறார்: "நாடு முழுவதற்குமான பெரிய விளம்பரத் தளங்கள் வருஷா வருஷம் சந்தாவை ஏற்றுகின்றன. அங்கே இருக்கும் வீடுகள் எல்லாம் எங்கள் உறுப்பினர்கள் அலைந்து பிடித்தவை. எங்கள் சரக்கை வாங்கி எங்களுக்கே விற்கிறார்கள். சங்கமே ஒரு தளம் தொடங்கி, எல்லோரும் ஒரே நாளில் அங்கே மாறிவிட்டால் என்ன?"

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. தரகர்கள் அனுப்பும் லிஸ்டிங்குகளை, அதாவது வீட்டு விளம்பரப் பதிவுகளை, சரிபார்த்துத் தளங்களில் ஏற்றும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். மாதக் கடைசியில் சந்தா பில் வரும்போது ஒரு சின்ன அலுவலகத்தின் முதலாளிக்கு முகம் எப்படி மாறும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் கேள்வியில் ஒரு சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை. "எங்கள் சரக்கு" என்கிறீர்களே, அதுதான். வீடு வீட்டுக்காரருடையது. அது விற்றுப்போக வேண்டும் என்பதற்காகத்தான் லிஸ்டிங்கே எழுதப்படுகிறது. தரகர் அதை எழுதுகிறார், தளம் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் உலகம் முழுக்க நடந்த சண்டைகளைப் பார்த்தால், இதை மறந்த இடங்களில்தான் தரகர்களின் கூட்டு முயற்சிகள் சறுக்கியிருக்கின்றன. நினைவில் வைத்திருந்த இடங்களில் நல்ல வேலையும் நடந்திருக்கிறது.

தளங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் தரகு அலுவலகம் மாதச் சந்தா கட்டுகிறது, அதனால் அங்கே கோபப்படுபவர் தரகர். ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும் விளம்பரச் செலவு பெரும்பாலும் வீடு விற்பவர் தலையில் விழுகிறது. தரகருக்கு அது நேரடியாக வலிக்காது என்பதால் கட்டணம் ஏறும்போது எதிர்ப்பும் மெதுவாகத்தான் கிளம்பும். அமெரிக்காவில் வேறு வழி. வீட்டைக் காட்டுவதற்குப் பணம் இல்லை. அதைப் பார்த்து விசாரிக்கும் வாங்குபவரின் பெயரையும் எண்ணையும் தளம் வேறொரு ஏஜென்ட்டுக்கு விற்கிறது. ஒரு ஏஜென்ட் பாடுபட்டு எடுத்த லிஸ்டிங்கின் கீழேயே இன்னொரு ஏஜென்ட்டின் போன் எண் இருக்கும். உங்கள் நாட்டில் எந்த முறை என்பதைப் பொறுத்துத்தான் சங்கம் என்ன செய்யலாம் என்பதும் மாறும்.

இப்போது பிரிட்டன் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்பதை அவர்கள் அப்படியே செய்து பார்த்தார்கள்.

அங்கே முதலிடத்தில் இருப்பது ரைட்மூவ். 2024-இல் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து அதற்குக் கிடைத்த சராசரி வருமானம் மாதத்துக்கு 1,524 பவுண்டு. வருகிற வருமானத்தில் சுமார் 70 சதவீதம் செயல்பாட்டு லாபம். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஆர்இஏ குழுமம் சுமார் 6.2 பில்லியன் பவுண்டு தருகிறோம் என்று வந்தபோது ரைட்மூவ் இயக்குநர்கள் போதாது என்று சொல்லிவிட்டார்கள். தரகர்களின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பலர் மறந்துவிட்ட ஒரு விஷயம் உண்டு. 2000-இல் ரைட்மூவைத் தொடங்கியவர்கள் யார்? ஹாலிஃபாக்ஸ், கன்ட்ரிவைட், கனெல்ஸ், ராயல் அண்ட் சன் அலையன்ஸ் என்ற நான்கு நிறுவனங்கள். நான்குமே அன்று பெரிய அளவில் வீட்டுத் தரகு நடத்தியவை. அதாவது தரகர்கள் தங்களுக்காகக் கட்டிய தளம்தான் அது. 2006-இல் பங்குச் சந்தைக்குப் போனது. அப்புறம் அது யாருடைய சொல்லைக் கேட்கும் என்று சொல்லவே வேண்டாம்.

2007, 2008 வாக்கில் ஸூப்லா வந்து இரண்டாம் இடத்தைப் பிடித்தது. இரண்டு பேருக்கும் சந்தா கட்டிக் களைத்த தரகர்கள் 2013-இல் ஏஜென்ட்ஸ் மியூச்சுவல் என்று ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். சாவில்ஸ், நைட் ஃபிராங்க் போன்ற பெரிய பெயர்கள் முன்னால் நின்றன. அது தேசியச் சங்கம் இல்லை, உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருந்த கூட்டமைப்பு; ஆனாலும் உங்கள் யோசனையின் உயிர் அதில்தான் இருந்தது. 2015 ஜனவரியில் ஆன்திமார்க்கெட் என்ற தளம் திறந்தது. சேருபவர்களுக்கு ஒரு நிபந்தனை: இதைத் தவிர இன்னும் ஒரே ஒரு தளத்தில்தான் வீடுகளைப் போடலாம்.

கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. எல்லோரும் ஒரு தளத்தை விட்டால் அந்தத் தளம் படுத்துவிடும், அந்த இடத்தை நாம் பிடிப்போம். ஆனால் ஒரு தரகர் தன் மேஜையில் உட்கார்ந்து எதை விடுவது என்று யோசிக்கும் அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். எதிரே வீட்டை விற்கக் கொடுக்க வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி, "ரைட்மூவில் வருமா?" வராது என்று சொன்னால் எழுந்து பக்கத்து அலுவலகத்துக்குப் போய்விடுவார். ஆகவே பெரும்பாலோர் ஸூப்லாவை விட்டார்கள். முதலாளி போல நடந்துகொள்கிறது என்று எல்லோரும் திட்டிய ரைட்மூவ் அப்படியே இருந்தது. அதற்குப் போட்டியாக வளர்ந்துகொண்டிருந்த ஒரே தளம்தான் அடிவாங்கியது. யாரை எதிர்த்துத் தேர் இழுத்தார்களோ அவருக்கே பாதை போட்டுக் கொடுத்ததாக ஆனது.

அந்த நிபந்தனையை எதிர்த்து ஒரு தரகு நிறுவனம் வழக்காடியது. 2017-இல் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், நிபந்தனை சட்டத்தை மீறவில்லை என்றது. புதிதாகச் சந்தைக்குள் நுழையும் ஒரு தளத்துக்கு அப்படி ஒரு பிடி தேவைப்படலாம் என்ற வாதம் எடுபட்டது. சட்டப்படி ஜெயித்தார்கள், சந்தையில் ஜெயிக்கவில்லை. 2018 பிப்ரவரியில் கூட்டுறவு வடிவத்தை விட்டுப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். 2023 கடைசியில் அமெரிக்காவின் கோஸ்டார் சுமார் 100 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. மேலே சொன்ன 6.2 பில்லியனையும் இந்த 100 மில்லியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது பணம் இல்லை. அந்த மூன்று வருஷம் சில லட்சம் வீடுகள் முன்பு தெரிந்த ஓர் இடத்தில் தெரியாமல் போயின. அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேரிடம் "உங்கள் வீட்டை ஸூப்லாவிலிருந்து எடுக்கிறோம், எங்கள் கூட்டமைப்பின் நலனுக்காக" என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள்?

சட்டம் எப்போதும் பிரிட்டனில் போல மென்மையாக இருக்காது. நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே தொழிலின் சொந்தத் தளம் ஒன்று உண்டு. தேசியத் தரகர் சங்கமும் பெரிய தரகு நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருந்தது அது. எதிரே டிரேட் மீ என்ற பொதுவான விளம்பரத் தளம். 2013-இல் டிரேட் மீ, அலுவலகத்துக்கு இவ்வளவு என்று இருந்த சந்தா முறையை மாற்றி, ஒரு வீட்டுக்கு 159 நியூசிலாந்து டாலரும் வரியும் என்று அறிவித்தது. தரகர்களுக்குத் தாங்கவில்லை. ஹாமில்டன் நகரத்துத் தரகு நிறுவனங்கள் அந்த செப்டம்பரில் கூடிப் பேசின. இனி இந்தக் கட்டணத்தை நாம் ஏற்க வேண்டாம், டிரேட் மீயில் வேண்டும் என்று சொல்லும் வீட்டுக்காரரே கட்டட்டும் என்பது முடிவு.

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக அந்த முடிவை எடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. சேர்ந்து எடுத்ததுதான் குற்றம். வணிக ஆணையம் பல நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. சிலர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்கள். ஹாமில்டனில் இரண்டு நிறுவனங்கள் கடைசிவரை போராடின. "பொதுவாக வீட்டுக்காரர் கட்டுவார் என்று மட்டும்தான் பேசினோம், ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுக்க எங்கள் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் இருந்ததே" என்பது அவர்களின் வாதம். உயர் நீதிமன்றம் 2017-இல் அவர்கள் பக்கம் சாய்ந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தை உறுதி செய்தது: எங்கிருந்து பேரம் தொடங்குவது என்பதைப் போட்டியாளர்கள் சேர்ந்து முடிவு செய்தாலே அது விலையைக் கட்டுப்படுத்துவதுதான். விதிவிலக்குக்கு இடம் வைத்தோம் என்பது காப்பாற்றாது. அபராதங்கள் மில்லியன் டாலர் கணக்கில் இருந்தன.

"எல்லோரும் ஒரே நாளில் மாறிவிட்டால்" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கதையை இவ்வளவு சொன்னேன். அந்த வரியை சங்கக் கூட்டத்தின் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள்.

அமெரிக்காவுக்கு வருவோம். சங்கம் எதில் கெட்டி, எதில் பலவீனம் என்பது அங்கேதான் நன்றாகத் தெரியும். நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டார்ஸ் 1908-இல் சிகாகோவில் தொடங்கியது. இன்று சுமார் 15 லட்சம் உறுப்பினர்கள். அதற்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஊர்த் தரகர்கள் தங்கள் உள்ளூர்ச் சங்க அலுவலகத்தில் கூடி, என்னிடம் இந்த வீடு இருக்கிறது, ஆள் கொண்டுவந்தால் என் கமிஷனில் உனக்குப் பங்கு என்று பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் எம்எல்எஸ் என்று சொல்லும் பல்முனைப் பட்டியல் சேவை. முதலில் அட்டைகள், பிறகு அச்சடித்த தடித்த புத்தகம், பிறகு கணினி. இன்று நாடு முழுக்கச் சுமார் ஐந்நூறு எம்எல்எஸ்கள், பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்களின் கையில்.

எம்எல்எஸ்ஸின் நிஜமான பலம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அது ஒழுக்கத்தில் இருக்கிறது. அந்த ஒழுக்கம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்த ஒரு பதிவைச் சொல்கிறேன். மூன்று படுக்கையறை வீடு, நல்ல வெளிச்சத்தில் எடுத்த பதினெட்டுப் படங்கள், நிலை என்ற கட்டத்தில் "விற்பனைக்கு உள்ளது". ஒரு குடும்பம் அதைப் பார்த்துவிட்டு விடுமுறை நாளில் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த வீடு விற்று ஆறு வாரம் ஆகியிருந்தது. தரகர் மறக்கவில்லை. அந்தப் படங்களுக்கு நிறைய போன் வருகிறது, வருபவர்களுக்கு வேறு வீடு காட்டலாம் என்று வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தார். அதே வீட்டை வேறு இரண்டு தரகர்களும் வேறு வேறு விலையில் போட்டிருந்தார்கள். மூன்று பதிவிலும் பரப்பளவு மூன்று விதம். பிழையைச் சுட்டி நான் அனுப்பிய குறிப்புக்குப் பதிலே வரவில்லை. அந்தத் தளத்துக்கும் அவசரம் இல்லை. லிஸ்டிங் எண்ணிக்கை அதிகமாகத் தெரிவது அதற்கும் நல்லதுதான்.

எம்எல்எஸ் நன்றாக நடக்கும் ஊரில் இது நடக்காது. ஒரு வீட்டுக்கு ஒரு பதிவு. நிலை மாறினால் குறிப்பிட்ட நாட்களுக்குள் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சக உறுப்பினரே புகார் கொடுப்பார், அபராதம் விழும். தரகர்கள் ஒருவரையொருவர் கண்காணிப்பதால்தான் அந்தத் தரவு நம்பும்படி இருக்கிறது. எந்தத் தனியார் தளத்தாலும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் தரகரைத் தண்டித்தால் அதற்கு ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார். சங்கத்துக்கு மட்டும்தான் இந்த அதிகாரம் உண்டு.

பொதுமக்கள் பார்க்கும் தளம் என்று வந்தபோது அதே சங்கம் என்ன செய்தது? 1990-களின் நடுவில் ரியல்டார் டாட் காம் தொடங்கியது. ஆனால் நடத்தும் உரிமையை ஒரு தனி நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டது. ஹோம்ஸ்டோர், பிறகு மூவ் என்று பெயர் மாறி வந்த அந்த நிறுவனத்தை 2014-இல் நியூஸ் கார்ப் சுமார் 950 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆக, பலகையில் சங்கத்தின் பெயர், உள்ளே கடை இன்னொருவருடையது. அதற்கிடையில் 2006-இல் ஸில்லோ வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மதிப்பீட்டு விலையைப் போட்டது. வீடு விற்கிற எண்ணமே இல்லாதவர்கள்கூடத் தங்கள் வீட்டு விலையைப் பார்க்க உள்ளே வந்தார்கள். வந்த பழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு சங்கக் குழுவால் அந்த மாதிரி ஒரு யோசனையை நிறைவேற்றியிருக்க முடியுமா? மதிப்பீடு தப்பாக வந்தால் வாடிக்கையாளர் எங்களிடம் சண்டைக்கு வருவார் என்று முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று தடுத்திருப்பார்கள். உறுப்பினர்களின் சம்மதத்தோடுதான் எதையும் செய்ய முடியும் என்பது சங்கத்தின் இயல்பு. அதில் தப்பில்லை. ஆனால் கடை நடத்துவதற்கு அது ஒத்துவராது.

பணம் பேசும் இடத்தில் அமெரிக்கச் சங்கங்கள் வாங்கிய அடிகளையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் நகரத் தரகர் சங்கம் கமிஷன் விகிதத்தை நிர்ணயித்து வைத்திருந்தது. அது விலை நிர்ணயக் கூட்டுச் சதி என்று உச்ச நீதிமன்றம் 1950-லேயே சொல்லிவிட்டது. அப்புறமும் கமிஷன் விஷயம் எம்எல்எஸ்ஸின் ஒரு கட்டத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு தருவோம் என்று விற்பவர் தரப்பு அங்கே குறிப்பிட வேண்டும் என்பது விதி. 2023 அக்டோபரில் மிசௌரியில் ஒரு ஜூரி, இந்த விதி வீடு விற்றவர்களுக்கு நஷ்டம் ஏற்படுத்தியது என்று சொல்லி, சங்கம், இரண்டு தரகு நிறுவனங்கள் ஆகியோருக்கு எதிராகச் சுமார் 1.8 பில்லியன் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் சங்கம் 418 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்தது. அந்த ஆகஸ்ட் முதல் எம்எல்எஸ்ஸில் கமிஷன் கட்டமே கிடையாது. நூறு வருஷம் நல்ல வேலை செய்த தரவுத்தளம் அது. அதில் இருந்த ஒரே ஒரு கட்டம், சங்கத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது.

கனடாவில் சண்டை வேறு பக்கம். அங்கே தேசியத் தளமே சங்கத்துடையதுதான். ஆனால் டொரொண்டோ சங்கம், விற்று முடிந்த வீடுகளின் விலையை உறுப்பினர்கள் இணையத்தில் வாடிக்கையாளருக்குக் காட்டக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. தனியுரிமை என்று காரணம் சொன்னது. போட்டி ஆணையர் தொடுத்த வழக்கு ஏழு வருஷம் போல இழுத்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு முடிந்தது. இப்போது விற்ற விலைகளைக் கணக்கு தொடங்கிய யாரும் பார்க்கலாம். தரகுத் தொழில் ஒன்றும் அழிந்துவிடவில்லை. தெரிந்தால் நம்மைத் தேடி வரமாட்டார்கள் என்று பயந்து பூட்டி வைக்கும் தகவல் எதுவும் தரகரைக் காப்பாற்றாது என்பது என் திடமான எண்ணம். விலை தெரிந்து வருபவரிடம் பேசுவது எளிது. தெரியாமல் வருபவரிடம் பாதி நேரம் நம்ப வைப்பதிலேயே போய்விடும்.

சங்கம் நடத்திய தளம் முழுசாக ஜெயித்ததே இல்லையா என்று கேட்பீர்கள். ஸ்வீடனில் ஜெயித்தது. 1998-இல் தரகர் சங்கமும் பெரிய தரகு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ஹெம்நெட், நாட்டின் வீடு தேடும் பழக்கமாகவே ஆனது. அந்த வெற்றியே அதை விற்க வைத்தது. 2016 கடைசியில் பெரும்பான்மைப் பங்கு ஜெனரல் அட்லாண்டிக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. 2021-இல் பங்குச் சந்தை. அதன் பிறகு ஒரு வீட்டை விளம்பரப்படுத்த விற்பவர் கட்டும் தொகை பல மடங்கு ஏறியிருக்கிறது. இப்போது அங்கேயும் தரகர்கள், நாம் கட்டியதை நாமே விற்றுவிட்டோமே என்று மாற்றுத் தளம் தேடுகிறார்கள். நெதர்லாந்தின் ஃபுண்டா விஷயம் கொஞ்சம் வேறு: என்விஎம் என்ற சங்கம் 2001-இல் தொடங்கியது, பெரும்பான்மைப் பங்கை விடாமல் வைத்திருந்தது. அங்கே வந்த வழக்கு, எங்கள் வீடுகளைப் பட்டியலில் கீழே தள்ளுகிறார்கள் என்று உறுப்பினர் அல்லாத தரகர்கள் போட்டது. கடை சங்கத்துடையதாகவே இருந்தால் இந்தப் புகார் வராமல் இருக்காது.

ரைட்மூவ், ஆன்திமார்க்கெட், ஹெம்நெட், ரியல்டார் டாட் காம். நான்குமே தரகர்கள் பெற்று வளர்த்தவை, நான்குமே கை மாறின. யாரும் கெட்ட எண்ணத்தோடு விற்கவில்லை. மக்களை வரவழைக்க விளம்பரத்துக்குப் பெரும்பணம் வேண்டும், சந்தாவில் அது வராது, வெளி முதலீடு வேண்டும். தொடங்கியவர்கள் வயதாகி ஓய்வு பெறும்போது பங்குக்கு நல்ல விலை வந்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. புதிதாக வந்த உறுப்பினருக்குப் பங்கே இருக்காது, சந்தா மட்டும்தான்.

சரி, உங்கள் சங்கம் என்ன செய்யலாம்? நானாக இருந்தால் பொதுமக்களுக்கான பெரிய தளத்தில் கை வைக்க மாட்டேன். அதற்குப் பின்னால் இருக்கும் தரவைக் கையில் எடுப்பேன். உறுப்பினர் ஒரு வீட்டை ஒரு முறை பதிவு செய்ய வேண்டும்; அங்கிருந்து எல்லாத் தளத்துக்கும் அது போக வேண்டும். கட்டங்களின் பெயரையும் வடிவத்தையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டாம். ரெசோ என்ற அமைப்பு வட அமெரிக்காவில் பயன்படும் ஒரு பொதுத் தரவு அகராதியை வைத்திருக்கிறது, அதைப் பார்த்துத் தொடங்கலாம். எந்தெந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் தன் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தானே முடிவு செய்யட்டும். தரவு வாங்கும் தளங்களுக்குச் சங்கம் வைக்கும் நிபந்தனைகள் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உதவுபவையாக இருக்கட்டும்: லிஸ்டிங் எடுத்த தரகரின் பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும், விற்ற வீடு ஒரு நாளில் இறங்க வேண்டும், படத்தை வெட்டிக் கொத்தக் கூடாது. கட்டணம் பற்றி ஒரு வார்த்தை அதில் இருக்கக் கூடாது. உறுப்பினர் அல்லாதவர்களும் நியாயமான கட்டணத்தில் அதே தரவுக் குழாயில் சேர வழி வையுங்கள். பின்னால் வரக்கூடிய வழக்கில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

பெரிய தளத்தோடு பேரம் பேசும் பலம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். சுத்தமான தரவு வைத்திருப்பவரை எந்தத் தளமும் தேடி வரும். பழைய லிஸ்டிங், இரட்டைப் பதிவு, பொய் விலை இவைதான் வீடு தேடுபவர்களை ஒரு தளத்தை விட்டு ஓட வைக்கின்றன. ஒரே ஒரு தளத்தை நம்பி இருக்கும் நிலைமையும் மெல்ல மாறும்: புதிதாக ஒருவர் போட்டித் தளம் தொடங்க வந்தால், முதல் நாளே நாடு முழுக்க உள்ள வீடுகள் அவருக்குக் கிடைக்கும். யாரையும் புறக்கணிக்காமலே போட்டியை வளர்க்கும் வழி இது.

ஒரு தர்மசங்கடமான விஷயம் மட்டும் பாக்கி. சில உறுப்பினர்கள் நல்ல வீடுகளைப் பொதுவில் போடாமல் தங்கள் அலுவலகத்துக்குள்ளேயே முதலில் சுற்றவிடுவார்கள். அமெரிக்கச் சங்கம் இதைத் தடுக்க 2019-இல் ஒரு விதி கொண்டுவந்தது: பொதுவில் விளம்பரம் செய்த வீடு ஒரு வேலை நாளுக்குள் எம்எல்எஸ்ஸில் வர வேண்டும். அங்கே இன்றும் அதற்காக அடிதடி. 2025-இல் அந்த விதியை வைத்துக்கொண்டே, விற்பவர் எழுதிக் கொடுத்தால் சில நாள் தள்ளிப் போடலாம் என்று தளர்த்தினார்கள். அதே வருஷம் ஸில்லோ, தாமதமாக வரும் வீடுகளை நாங்கள் காட்ட மாட்டோம் என்றது. கம்பாஸ் என்ற பெரிய தரகு நிறுவனம் அதன் மேல் வழக்குப் போட்டது. என் கருத்தைக் கேட்டால், விற்பவர் கையெழுத்து என்ற நிபந்தனைதான் இதில் முக்கியம். அந்தக் காகிதத்தில், உங்கள் வீட்டை எத்தனை பேர் பார்க்காமல் போவார்கள் என்பது அவருக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும். பிரபலமானவர்கள், விவாகரத்தில் இருப்பவர்கள், வீட்டில் நோயாளி இருப்பவர்கள் என்று சிலருக்கு நிஜமாகவே அமைதியாக விற்க வேண்டியிருக்கும். மற்றவர்களின் வீடு ஒளிந்திருப்பதால் லாபம் பெரும்பாலும் இரண்டு பக்கக் கமிஷனும் வாங்கும் அலுவலகத்துக்குத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக "விற்ற வீட்டை எத்தனை நாளில் இறக்க வேண்டும், தவறினால் என்ன" என்பதை வையுங்கள். அதில் உடன்பாடு வராத சங்கத்தால் தளமும் நடத்த முடியாது, தரவும் நடத்த முடியாது. இரண்டாவது, போட்டிச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். பேச்சுவாக்கில் யாராவது "அந்தத் தளத்துக்கு இனி யாரும் பணம் கட்டக் கூடாது" என்று தொடங்கினால், அப்போதே ஆட்சேபம் சொல்லி எழுந்து வெளியே வந்துவிடுங்கள். நீங்கள் ஆட்சேபித்து வெளியேறியதை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.